ஒரு லட்சத்தில் பதினொருவர்

நோயாளியைப் பார்க்கப் போகிறவர் வெறுங்கையோடு போவதில்லை. ஆஸ்பத்திரி வாசல் கடையில் ஒரு பாட்டில் ஹார்லிக்ஸ், ஒரு பாக்கெட் பிரெட், கொஞ்சம் ரஸ்க், நாலு ஆப்பிள் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் மாடி ஏறுகிறோம். சாப்பாடு இறங்காதவருக்கு இலேசான ஆகாரம் என்று நம் ஊரில் பெயரெடுத்தவை இவை. ஆப்பிளை எடுத்துவிட்டால் பையில் மிச்சமிருப்பதெல்லாம் கோதுமையும் பார்லியும்தான். கட்டிலில் கிடப்பவருக்கு வந்திருப்பது சீலியாக் நோய் என்றால், அவரைப் படுக்கவைத்ததையே பாசத்தோடு கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. வார்டைச் சுற்றி வரும் டாக்டருக்கும் பல சமயம் அந்தப் பெயர் உடனே தோன்றாது. தமிழ்நாட்டில் அது தோன்றாமல் போவதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது. அந்த நியாயம் எதுவரை செல்லும் என்பதுதான் இங்கே கேள்வி.

கோதுமை மாவைப் பிசைந்து உருட்டித் தண்ணீரில் அலசிக்கொண்டே இருங்கள். மாவுச்சத்து கரைந்து ஓடி, கையில் ரப்பர் மாதிரி ஒரு பசை நிற்கும். அதுதான் குளூட்டன். பரோட்டா மாஸ்டர் மாவை வீசி, அந்தப் பக்கம் தெரிகிற அளவுக்கு இழுத்தும் கிழியாமல் இருப்பது இந்தப் பசையால்தான். பார்லியிலும் ரை என்ற குளிர்நாட்டுத் தானியத்திலும் இதன் பங்காளிப் புரதங்கள் உண்டு. அரிசி, கம்பு, சோளம், ராகி, தினை, சாமை, வரகு, மக்காச்சோளம் எதிலும் இது கிடையாது.

சிறுகுடலின் உட்சுவர் தேங்காய்ப்பூத் துண்டு மாதிரி. மேலே நிற்கும் இழைகள்தான் குடலுறிஞ்சிகள். சாப்பிட்டதிலிருந்து இரும்பையும் கால்சியத்தையும் உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்புவது அவற்றின் வேலை. சீலியாக் உள்ளவரின் உடம்பு குளூட்டனின் துண்டுகளைப் பகையென்று எண்ணிப் படை திரட்டுகிறது. அந்தப் படை தன் சொந்தக் குடல் சுவரையே தாக்குகிறது. இழைகள் தேய்ந்து, தேங்காய்ப்பூத் துண்டு வெறும் வேட்டித் துணியாகிவிடும். ஆகவே இதை அலர்ஜி என்று சொல்வது தவறு, அஜீரணம் என்பதும் தவறு. முடக்குவாதத்தையும் முதல் வகைச் சர்க்கரையையும் போல உடம்பு தன்னையே எதிர்க்கும் நோய் இது. ஒரு வித்தியாசம் உண்டு: மற்ற நோய்களில் படையைத் தூண்டிவிடுவது எதுவென்று தெளிவாகத் தெரிவதில்லை, இதில் தெரியும். அதை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குக் குடல் மறுபடி இழை விடும். வேறு மருந்து இன்றுவரை அங்கீகரிக்கப்படவில்லை.

இவ்வளவு எளிய உண்மையைக் கண்டுபிடிக்க மருத்துவத்துக்கு நெடுங்காலம் ஆயிற்று. 1888-ல் லண்டன் டாக்டர் சாமுவேல் கீ இந்த நோயை இலக்கணம்போல வரையறுத்து எழுதினார். குணமாவதென்றால் உணவால்தான் குணமாகும் என்பது வரைக்கும் அவருக்குப் புரிந்திருந்தது. எந்த உணவு என்பது தெரியவில்லை. தினம் ஒரு படியளவு டச்சு நாட்டுக் கடல் மட்டியைத் தின்று ஒரு குழந்தை தேறியதையும், மட்டிப் பருவம் முடிந்ததும் மறுபடி விழுந்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். 1924-ல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் வாழைப்பழ வைத்தியத்தைக் கொண்டுவந்தார். குழந்தைகள் பிழைத்தார்கள், பழத்தால்தான் பிழைத்தார்கள் என்று உலகமே நம்பியது. அந்தப் பத்தியத்தில் ரொட்டி இல்லை என்பதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. கோவை உக்கடத்தில் பஸ் ஏறினால் வாளையாறு தாண்டி வரும் கேரள ஊர்களில், பச்சைக் குழந்தைக்கு முதல் ஆகாரமாக நேந்திரங்காய்ப் பொடிக் கஞ்சி கொடுக்கிறார்கள். ஹாஸ் அதைப் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

கடைசியில் முடிச்சை அவிழ்த்தவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லம் கரேல் டிக்கே. 1930-களிலேயே அவருக்குக் கோதுமைமேல் சந்தேகம் விழுந்துவிட்டது. 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மன் முற்றுகையில் நாட்டின் மேற்குப் பகுதி பட்டினி கிடந்தபோது ரொட்டி மறைந்தது. ஊரே வாடிய அந்த மாதங்களில் சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் மறுபடி படுத்தார்கள். 1950-ல் அவர் அதை ஆய்வேடாகத் தந்தார். 1950-களின் நடுவில் வாய் வழியே விழுங்கும் குழாயையும் கேப்ஸ்யூலையும் கொண்டு குடலில் துணுக்கு எடுத்துப் பார்க்கும் வழி வந்தது. 1997-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள், உடம்பு தாக்குவது டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதியை என்று கண்டார்கள். இன்று ஒரு ட்யூப் ரத்தத்தில் செய்யும் டிடிஜி-ஐஜிஏ பரிசோதனை அதிலிருந்து பிறந்ததுதான்.

இந்தியாவுக்கு வருவோம். 1966-ல் வாலியாவும் சகாக்களும் வட இந்தியக் குழந்தைகளில் இந்த நோயைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அதற்குப் பிறகும் நெடுநாள் இது வெள்ளைக்காரர்களின் நோய் என்றே பாடம் நடந்தது. 2006-ல் லூதியானா பள்ளிப் பிள்ளைகளில் 310 பேருக்கு ஒருவர் என்று கணக்கு வந்தது. 2011-ல் டெல்லி வட்டாரத்தில் வீடு வீடாகப் பார்த்தபோது 96 பேருக்கு ஒருவர். எய்ம்ஸின் கோவிந்த் மகாரியா தலைமையில் நடந்த அந்த ஆய்வுக்குப் பிறகு வடக்கே யாரும் இதை அபூர்வ நோய் என்று சொல்லத் துணியவில்லை.

நமக்கு முக்கியமானது 2016-ல் வெளிவந்த ஆய்வு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றிய குடலியல் நிபுணர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் மகாரியாவும் மற்றவர்களும் சேர்ந்து ஹரியானா–டெல்லி வட்டாரம், அசாம், தமிழ்நாடு மூன்றிலும் 23,331 பெரியவர்களைச் சோதித்தார்கள். சீலியாக் நோய் வடக்கே ஆயிரத்துக்கு 8.53, வடகிழக்கில் 4.66, தெற்கே 0.11. லட்சக் கணக்கில் சொன்னால் அங்கே 853 பேர், இங்கே 11 பேர். தினசரிக் கோதுமை அளவையும் எடுத்தார்கள்: வடக்கே ஆளுக்கு 455 கிராம், தெற்கே 25 கிராம். இந்த நோய் வர மரபணுத் தகுதி வேண்டும். ஹெச்எல்ஏ-டிக்யூ2 அல்லது டிக்யூ8 இல்லாதவருக்கு இது கிட்டத்தட்ட வராது. அந்தத் தகுதி வடக்கே 38.1 சதவீதம் பேருக்கு இருந்தது. தெற்கே 36.4 சதவீதம்.

அதாவது விதை இங்கேயும் ஏறக்குறைய அதே அளவு இருக்கிறது. நூறு தமிழரில் முப்பத்தாறு பேர் அதைச் சுமந்துகொண்டுதான் இட்லி சாப்பிடுகிறார்கள்.

இதைப் படித்ததும் ஒரு முடிவு தானாக வந்து நிற்கிறது: நம்மைக் காப்பாற்றியது அரிசி, சப்பாத்திக்கு மாறினால் நோய் வரும். மேடையில் சொல்ல நன்றாக இருக்கும், ஆனால் அதே அட்டவணை அதை மறுக்கிறது. அசாமில் கோதுமை 37 கிராம்தான், நம்மைவிட ஒரு சப்பாத்தி கூட இல்லை. மரபணுத் தகுதி 31.4 சதவீதம், நம்மைவிடக் குறைவு. ஆனால் நோய் நாற்பது மடங்கு. கோதுமைக் கணக்கு மட்டும் இதை விளக்காது. டிக்யூ2 என்பதிலேயே உட்பிரிவுகள் உண்டு, அதில் 2.5 என்ற வகை மற்றதைவிட ஆபத்தானது. குடலில் குடியிருக்கும் கிருமிகளுக்கும் சிறுவயதுத் தொற்றுகளுக்கும் பங்கு இருக்கலாம். பின்லாந்திலும் எல்லைக்கு அப்பால் ரஷ்ய கரேலியாவிலும் ஒரே வகை மரபணு, ஒரே வகை கோதுமைச் சாப்பாடு. 2008-ல் வந்த ஆய்வில் பின்லாந்துப் பிள்ளைகளில் 107-க்கு ஒருவர், கரேலியாவில் 496-க்கு ஒருவர். சுத்தம் கூடிய பக்கத்தில் நோயும் கூடியிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 23,331 பேர் முழுவதும் தெற்கே இருந்திருந்தாலும் ஆயிரத்துக்கு 0.11 என்பது மூன்று பேரைத் தொடாது. அவ்வளவு சொற்ப எண்ணிக்கையைப் பெருக்கிச் சொன்ன கணக்கை நூல் பிடித்த அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே ஆய்வு இன்னொரு எண்ணையும் தருகிறது: ரத்தத்தில் அடையாளம் தெரிந்தும் குடல் இன்னும் கெடாத உறங்கு நிலையில் இருப்பவர்கள் தெற்கே ஆயிரத்துக்கு 1.22. நோயாளிகளைவிடப் பத்து மடங்குக்கும் மேல். நான் கவலைப்படுவது இந்த எண்ணைப் பார்த்துத்தான். பின்லாந்தில் 1970-களின் முடிவில் 1.05 சதவீதமாக இருந்த நோய், 2000-த்தில் 1.99 சதவீதமானது. இருபதாண்டில் மரபணு மாறாது; இங்கே உறங்குவதும் அப்படி விழிக்கலாம்.

கோவையை எடுத்துக்கொள்வோம். 2011 கணக்கெடுப்பில் அந்த மாவட்டத்தில் 34.58 லட்சம் பேர். லட்சத்துக்கு 11 என்றால் மாவட்டம் முழுவதற்கும் சுமார் 380 பேர். ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்துவிடலாம். ஆனால் கோவையில் இப்போது இருப்பவர்கள் எல்லோரும் அரிசி தின்று வளர்ந்தவர்கள் இல்லை. ரங்கே கவுடர் வீதியிலும் சுக்கிரவார்பேட்டையிலும் ஆர்.எஸ்.புரத்திலும் மார்வாடி, குஜராத்திக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. வார்ப்படச் சாலைகளிலும் நூற்பாலைகளிலும் கட்டட வேலைகளிலும், பக்கத்துத் திருப்பூரின் பனியன் கம்பெனிகளிலும் வடக்கிலிருந்து வந்தவர்கள் நிறைந்திருக்கிறார்கள். ஒடிசாக்காரர் அரிசிச் சோறு தின்பவர். பீகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் வந்தவர் ரொட்டியும் தின்பவர். வடக்கத்திய விகிதம் இவர்களில் ஒரு பகுதியினருக்குப் பொருந்தினாலே போதும், இந்த ஊரின் சீலியாக் நோயாளிகளில் கணிசமானோர் தமிழ் தெரியாதவர்களாக இருப்பார்கள். வயிறு உப்பி, கை கால் சூம்பி, வயதுக்கேற்ற உயரமில்லாமல் ஒரு தொழிலாளியின் பிள்ளை புறநோயாளிப் பிரிவில் நிற்கும்போது, 'சரியான சாப்பாடு இல்லை' என்று எழுதிக்கொடுப்பது சுலபம். சாப்பாடே காரணமாக இருக்கலாம் என்று நினைக்கத்தான் பழக்கம் வேண்டும்.

அந்தப் பழக்கம் ஏன் இங்கே உருவாகவில்லை? தெற்கே குடல் கெட்டால் டாக்டர்களின் மனதில் வேறு பெயர்கள் முதலில் வரும். 1960-களில் வட ஆற்காடு கிராமங்களில் கொள்ளைநோயாகவே பரவிய டிராபிகல் ஸ்ப்ரூவை வேலூரில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் உலகம் கவனிக்கும்படி ஆராய்ந்தார்கள். அதிலும் இழைகள் தேயும், பேதியும் சோகையும் வரும். குடல் காசநோயும் ஜியார்டியா கிருமியும் இதே வேஷம் போடும். சோகை ஒரு தனிச் சிக்கல். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு பேரில் ஒருவருக்கு இருக்கும் ஒன்றுக்கு யார் காரணம் தேடுவார்கள்? இரும்பு மாத்திரை எழுதுவார்கள். பெரியவர்களிடம் சீலியாக் வயிற்றைக் காட்டிக்கொள்ளாமல் வெறும் சோகையாக மட்டுமே வருவது உண்டு. ஆறு மாதம் ஒழுங்காக மாத்திரை விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறாத பெண்ணிடம், 'மாத்திரையைத் தூக்கிப் போட்டிருப்பே' என்று வீடும் சொல்லும், ஆஸ்பத்திரியும் சொல்லும். வாங்கும் குடல் இல்லாதபோது மாத்திரை என்ன செய்யும்?

காரணமில்லாமல் எலும்பு தேய்வது, அடிக்கடி கருக்கலைவது, வாய்ப்புண், முழங்கையிலும் முட்டியிலும் அரிக்கும் கொப்புளம், முதல் வகைச் சர்க்கரை அல்லது தைராய்டு உள்ள பிள்ளை வளராமல் நிற்பது: இவற்றில் ஏதாவது இருந்தால் அந்த டிடிஜி ரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்வதில் தப்பில்லை. கூடவே ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதத்தின் மொத்த அளவையும் பார்க்க வேண்டும். அது பிறவியிலேயே குறைவாக உள்ளவருக்கு டிடிஜி பொய்யாக 'இல்லை' என்று காட்டும். ரத்தம் 'ஆம்' என்றால் எண்டோஸ்கோப்பி செய்து சிறுகுடலின் தொடக்கத்தில் நாலைந்து துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். குழந்தைகளுக்கு டிடிஜி அளவு வரம்பைவிடப் பத்து மடங்குக்கு மேல் இருந்தால், இன்னொரு ரத்தச் சோதனையால் உறுதி செய்துகொண்டு துணுக்கு எடுக்காமலே முடிவு சொல்ல ஐரோப்பிய வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. ஒருவருக்கு உறுதியானால் தாய், தகப்பன், கூடப்பிறந்தவர், பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொள்ள வேண்டும். உலக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது நெருங்கிய ரத்த உறவுகளில் 7.5 சதவீதம் பேருக்கு நோய் இருந்தது.

ஒரு விஷயத்தில் நம் கையை நாமே வெட்டிக்கொள்கிறோம். யாரோ சொன்னார்கள் என்று மூன்று மாதம் கோதுமையை நிறுத்திவிட்டு, 'இப்போ பரவால்லீங், ஆனா ஒரு டெஸ்ட் எடுத்தரலாம்' என்று வருகிறார்கள். நிறுத்தினால் ரத்தத்தின் அடையாளம் மறைந்துவிடும், குடலும் ஆறிக்கொண்டிருக்கும், சோதனை ஒன்றும் சொல்லாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் மறுபடி வாரக்கணக்கில் கோதுமை தின்று நோயை வரவழைக்க வேண்டும். சோதனை முடியும் வரை சாப்பாட்டை மாற்றாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வாக்கியம் உங்கள் நினைவில் நிற்கலாம் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

இனி, உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வாழ்நாள் முழுக்கப் பத்தியம். டெல்லியில் உள்ளவருக்கு இது அடுப்படியையே புரட்டிப் போடும் செய்தி. கொங்கு வீட்டில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. அரிசியும் பருப்பும் சாதம், சந்தகையும் தேங்காய்ப்பாலும், கொள்ளுப் பருப்பு, கம்பஞ்சோறு, ராகிக் களி, பணியாரம், கச்சாயம்: அப்புச்சியும் அமுச்சியும் தின்ற எதிலும் குளூட்டன் இல்லை. வானம் பார்த்த பூமியில் கம்பும் சோளமும்தான் விளைந்தன. வெளிநாட்டு நோயாளி பெருவிலைக்கு வாங்கும் குளூட்டனற்ற மாவை இங்கே புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் கிரைண்டர் தினம் ஆட்டித் தள்ளுகிறது. இத்தாலியில் நோயாளிக்கு மாதாமாதம் அரசு பண உதவி கொடுத்துச் சிறப்பு உணவு வாங்க வைக்கிறது. இங்கே ரேஷன் கடை அரிசி இலவசம். ஒரு எச்சரிக்கை மட்டும்: வெறும் வெள்ளைச் சோற்றில் நின்றுவிட்டால் ஏற்கெனவே இரும்பும் கால்சியமும் இழந்த உடம்பு தேறாது. ராகியில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. எலும்பு தேய்ந்தவருக்கு அதைவிட மலிவான சிபாரிசு எனக்குத் தெரியவில்லை.

சிக்கல் வாசற்படி தாண்டியதும் தொடங்குகிறது. 2024 ஆகஸ்டில் திறந்த மேம்பாலத்தின் அடியில், பொள்ளாச்சி பஸ்ஸோ பழனி பஸ்ஸோ வரும்வரை உக்கடத்தில் பசியோடு நிற்கும் ஒரு சீலியாக்காரரை நினைத்துப் பாருங்கள். பரோட்டா வேண்டாம், தெரியும். டீக்கு வர்க்கியோ பன்னோ பப்ஸோ, எல்லாம் மைதா. கோவையின் செல்லத் தீனியான தள்ளுவண்டிக் காளானில் காளானைவிட முட்டைக்கோஸும் மாவும்தான் அதிகம், அந்த மாவில் மைதா உண்டு. மேலே ஊற்றும் சோயா சாஸிலும் கோதுமை. பஜ்ஜி கடலை மாவுதான், ஆனால் அதே எண்ணெயில் சற்றுமுன் மைதா போண்டா வெந்தது. தோசை? ரவா தோசையும் பரோட்டாவும் வெந்த அதே கல். பயப்படாமல் கேட்கக்கூடியது தட்டிலிருந்து எடுத்த இட்லி, இடியாப்பமும் பாயாவும், பரோட்டாத் துண்டு கலக்காத பிரியாணி. ரமலான் மாதமாக இருந்தால் கோட்டைமேட்டுப் பள்ளிவாசல் பக்கம் கிடைக்கும் நோன்புக் கஞ்சி அரிசியும் பாசிப்பருப்புமாய்ச் செய்தது. சமோசாவைத் தொடாமல் கஞ்சியை மட்டும் வாங்கிக் குடிக்கலாம்.

எவ்வளவு போனால் கெடுதல்? தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உள்ளே போனால் இழைகள் தேய்வதை இத்தாலியின் கார்லோ கட்டாசியும் சகாக்களும் 2007-ல் காட்டினார்கள். ஒரு பரோட்டாவுக்கு 50 கிராம் மைதா என்றால் அதில் குளூட்டன் ஏறக்குறைய 4 கிராம். கெடுதலுக்குப் போதுமானது அதில் எண்பதில் ஒரு பங்கு, ஒரு சின்னப் பிய்ப்பு. 'ஒரே ஒரு வாய் தானுங், ஒண்ணும் ஆகாது' என்று விருந்துவீட்டில் நீட்டும் கையில் அதைவிட அதிகம் இருக்கும்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு பெருங்காயத்தைப் பார்ப்போம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு கருவேலம் பிசினும் மாவும் கலந்திருக்கும். சிலர் அரிசி மாவு சேர்க்கிறார்கள், பலர் மைதா. என் வீட்டு டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், மைதாதான். சாம்பாருக்கு ஒரு சிட்டிகை, கால் கிராம் என்று வையுங்கள். அதில் பாதி மாவென்றால் குளூட்டன் 10 மில்லிகிராம், நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு இரண்டு மூன்று. அதனால் மட்டும் குடல் கெடாது. ஆனால் தமிழன் ஒரு சிட்டிகையோடு நிறுத்துவதில்லை. ரசம், மோர், பொரியல், இட்லிப் பொடி, ஊறுகாய், அப்பளம், முறுக்கு எல்லாவற்றிலும் அது இருக்கிறது. தினம் மூன்று வேளை சேரும். அரிசி மாவு கலந்ததையோ கட்டிப் பெருங்காயத்தையோ விசாரித்து வாங்கினால் இந்தக் கணக்கே தேவையில்லை.

பெருங்காயத்தைவிடப் பெரிய திருடன் மாவு மில். முன்னால் நின்றவர் ஐந்து கிலோ கோதுமை அரைத்துவிட்டுப் போக, நம் ராகி அதே வாயில் விழுகிறது. கல்லிடுக்கில் தங்கிய கோதுமை மாவு நம் பையில் வந்து சேரும். மில்காரரிடம் சொல்லிக் காலையில் முதல் ஆளாக அரைப்பது, அதுவும் முதல் கையளவு மாவைத் தள்ளிவிட்டு வாங்குவது, முடிந்தால் வீட்டு மிக்ஸியிலேயே அரைப்பது என்று பழகிக்கொள்ளத்தான் வேண்டும். சிறுதானியம் என்று அட்டையில் எழுதியதை நம்பவும் கூடாது. ராகி சேமியா, கம்பு பிஸ்கட், சிறுதானிய நூடுல்ஸ் பலவற்றின் முதுகைத் திருப்பினால் பாதி மைதா. 'பழைய ரகம், ஒண்ணும் செய்யாது' என்று சொல்லி விற்கும் சம்பா கோதுமையும் கோதுமைதான். வீட்டில் வறுத்து அரைக்கும் சத்துமாவில் கோதுமையும் பார்லியும் சேர்ப்பது நம் வழக்கம். சூட்டுக்குக் குடிக்கும் பார்லித் தண்ணீரும் ஆகாது.

மறுபுறம், எந்தச் சோதனையும் செய்யாமல் உடம்பு மெலியக் 'குளூட்டன் ஃப்ரீ' வாங்குகிற கூட்டம் ஒன்று நகரத்தில் வளர்ந்திருக்கிறது. அவர்கள் விருப்பம். ஆனால் அது நோயாளிக்கு இரண்டு வகையில் இடைஞ்சல். விலை ஏறலாம், அதைவிட மோசம், ஓட்டலில் ஒருவர் நிஜமாகவே கேட்கும்போது சர்வர் 'இன்னொரு டயட்காரர்' என்று சிரித்துவிட்டுப் போகிறார்.

உறவுகளிடம் சொல்வதுதான் கடைசிக் கஷ்டம். சர்க்கரை என்றால் யாரும் வற்புறுத்துவதில்லை. பேர் தெரியாத நோய்க்கு அந்த மரியாதை இல்லை. பந்தியில் முதலில் விழுவது கேசரி, வேண்டாமென்றால் பரிமாறுகிறவர் முகம் வாடும். பெண்பிள்ளைக்கு வந்தால் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் மறைப்பார்கள். கல்யாணமாகிப் போன இடத்தில் ராத்திரி எல்லோருக்கும் சப்பாத்தி, மாமனாருக்குச் சர்க்கரை. அந்தப் பெண் என்ன சொல்லித் தனக்கு மட்டும் உலை வைப்பாள்? ஆகவே டாக்டர் சொல்லவேண்டியது நோயாளியிடம் மட்டுமல்ல, அவருக்குச் சமைப்பவரிடமும்.

அரசுக்கும் இதில் வேலை உண்டு. 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் நல்ல திட்டம்; அதன் பட்டியலில் ரவா உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவைக் கிச்சடி என்று வாரத்தில் பல நாள் கோதுமை. அங்கன்வாடி இணை உணவிலும் கோதுமை மாவு உண்டு. தெற்கே ஆளுக்கு 25 கிராம் கோதுமை என்ற அந்தப் பழைய கணக்கு இந்தப் பிள்ளைகளுக்குப் பொருந்துமா என்று மறுபடி அளந்து பார்க்க வேண்டும். பட்டியலில் அரிசி உப்புமாவும் சோளமும் பொங்கலும் ஏற்கெனவே இருக்கின்றன. மருத்துவச் சீட்டு கொண்டுவரும் பிள்ளைக்கு அவற்றை மாற்றித் தர ஓர் உத்தரவு போதும்.

இன்னொன்று அதைவிட எளிது. பாக்கெட் உணவில் கோதுமை இருந்தால் சொல்லியாக வேண்டும் என்று நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்திருக்கிறது. குளூட்டன் இல்லை என்று அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பதும் சட்டம். ஆனால் அந்த விவரம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது அதே விதி. உக்கடத்து மளிகைக் கடையில் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்க்கும் தாய்க்கு இரண்டும் தெரியாமல் இருக்கலாம். தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு டப்பாவிலும் 'கோதுமை சேர்ந்தது' என்று தமிழில் அச்சிட வேண்டும் என்று மாநில அரசு ஆணையத்திடம் கேட்க வேண்டும். அதுவரை காத்திராமல் கோவையின் மசாலாக் கம்பெனிகள் நாளையே தொடங்கலாம்.